எஞ்சின் மாறிய வண்டிகள்

பெற்றோலில் பிறந்த லாண்ட்ரோவர்களும் ஜீப்புகளும் மலையகத்தில் டீசலுக்கு மாறத் தொடங்கிப் பல தசாப்தங்கள் ஆகின்றன. இலாபக் கணக்கே தலைகீழாகிவிட்ட இக்காலத்தில் அந்த மாற்றத்தை மறுபடியும் எடைபோட்டுப் பார்க்கிறது இவ்வாரச் சிறப்புக் கட்டுரை.

டன்சினன் மலைமுகட்டிலிருந்து இறங்கிய மூடுபனி இன்னும் கலையாத ஆனி மாதத்துக் காலை வேளை. பூண்டுலோயாக் கடைவீதியைத் தாண்டித் தலவாக்கலைப் பாதை ஏறும் வளைவொன்றை அடுத்த தகரக் கொட்டகையில், இரும்புச் சட்டத்தில் மாட்டிய செயின் புளொக்கிலிருந்து ஜப்பானிய டீசல் எஞ்சின் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கிறது. அதன் கீழே, பானட்டும் ரேடியேட்டரும் முன் மட்கார்டுகளும் கழற்றப்பட்டு நிற்பது, ஒரு காலத்தில் ஏதோ ஒரு தோட்டத்துப் பெரிய துரையின் பங்களா முற்றத்தில் நின்றிருக்கக்கூடிய பச்சை நிற லாண்ட்ரோவர். அதற்குரிய பெற்றோல் எஞ்சின் மூலையில் பழைய டயர் ஒன்றின் மேல், கொழுந்துச் சாக்கு போர்த்தப்பட்டுக் கிடக்கிறது. கொட்டகையின் மெக்கானிக்கான பாஸ் சங்கிலியை ஒரு சாண் இறக்கிக் குனிந்து, எண்ணெய்ச் சம்புக்கும் முன் அச்சின் டிஃபரென்ஷலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிறதா என்று தடவிப் பார்க்கிறார். நுழையவில்லை என்று கண்டதும் சங்கிலியை மறுபடி ஏற்றுகிறார். வண்டிக்குச் சொந்தக்காரரான மரக்கறி வியாபாரி, தேநீர்க் கோப்பையும் கையுமாக அருகே நிற்கிறார். அடுத்த சந்தை நாளுக்குள் வண்டி ஓட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு கவலை இல்லை.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, கொத்மலை என்று மலையகத்தில் எந்தத் திக்கில் போனாலும் இப்படியொரு கொட்டகையையும், அதில் இப்படியொரு வண்டியையும் காணலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனிப்பட்ட பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. அந்த இடைக்காலத்தில் பற்றைக்குள் துருப்பிடித்துக் கிடந்த வண்டிகளுக்கெல்லாம் புனர்ஜென்மம் வாய்த்தது. பெரும்பாலும் டீசல் ஜென்மம்.

பெற்றோல் ஏன் தோற்றது?

1948 ஏப்ரல் 30ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் உலகுக்குக் காட்டப்பட்ட முதல் லாண்ட்ரோவரில் இருந்தது 1.6 லீற்றர் பெற்றோல் எஞ்சின். கம்பனியே டீசல் எஞ்சினைப் பொருத்தத் தொடங்கியது 1957இல்தான். இரண்டாம் உலகப் போரின் மிச்சமாகக் கீழைத் தேசங்களெங்கும் பரவிய வில்லிஸ் ஜீப்பும் பெற்றோல் வண்டியே. ரயில் எட்டாத பூண்டுலோயா போன்ற இடங்களில் (மிக அண்மைய நிலையம் தலவாக்கலை) தோட்டத்தையும் வெளியுலகையும் பிணைத்தவை இத்தகைய வண்டிகளே. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனபோது, துரைமார் மாறினார்கள். வண்டிகளும் கை மாறி, மரக்கறி மூட்டைக்கும் விறகுக்கும் கொழுந்துக்கும் பிரயாணிகளுக்கும் உரியவையாயின.

விலையைப் பற்றிப் பின்னர் பேசுவோம். மலையகத்தார் டீசலை நாடியதற்கு முதற்காரணம் விலை மட்டுமே என்று நினைப்பது அவர்களுடைய அறிவுக்குச் செய்யும் அநியாயம். பெற்றோல் எஞ்சின் மின்பொறியால் உயிர் வாழ்வது. கொயில், டிஸ்ட்ரிபியூட்டர், பிளக் கம்பி என்று அந்தப் பொறி பிறந்து வந்து சேரும் வழியெல்லாம் ஈரத்துக்குப் பகை. வைகாசி தொடங்கி ஆவணி வரை தென்மேற்குப் பருவமழை விடாது பெய்யும் சரிவுகளில், கன்வஸ் கூரையின் கீழ் இராப்பொழுதெல்லாம் நனைந்து நின்ற பெற்றோல் வண்டியைக் காலையில் உயிர்ப்பிக்க, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி அடுப்படியில் வைத்துச் சூடேற்றும் வழக்கத்தைப் பழைய சாரதிகள் அறிவார்கள். டீசல் எஞ்சினுக்கோ பொறியே வேண்டாம். காற்றை அமுக்கி, அந்த அமுக்கத்தில் எழும் உஷ்ணத்தில் எண்ணெயைப் பீச்சி எரியச் செய்வதே அதன் தத்துவம். ஓடை குறுக்கிட்டாலும், மழை பானட்டுக்குள் புகுந்தாலும், காற்று உறிஞ்சும் குழாய்க்குள் தண்ணீர் போகாத வரையில் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, மந்தகதியில் கிடைக்கும் இழுவிசை. கூழாங்கல் பரவிய தோட்டப் பாதையில், கொண்டையூசி வளைவில், பாரத்தோடு நடைவேகத்தில் ஏறும் வண்டிக்கு அதிவேகச் சுழற்சியால் பிரயோசனமில்லை. ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் சுற்றுகளிலேயே தோள் கொடுத்துத் தள்ளும் பலம் வேண்டும். மேட்டு நிலத்தில் காற்று மெலிவதால் கார்புரேட்டர் காற்றுக்கு மிஞ்சிய பெற்றோலைக் கலந்துவிடுவதும், அதனால் எஞ்சின் திணறுவதும், எண்ணெய் வீணாவதும் வேறு. டீசலும் உயரத்தில் சற்றே பலம் குன்றும், கரும்புகையும் கக்கும். எனினும் ஏற்றத்தின் பாதியில் நின்றுபோய்ச் சாரதியைத் தவிக்கவிடுவது குறைவு.

■ பெட்டிச் செய்தி: ஒரே கொள்ளளவு, இருவேறு சுபாவம்
லாண்ட்ரோவர் கம்பனியின் 2.25 லீற்றர் எஞ்சின் பெற்றோல், டீசல் என்ற இரு வடிவிலும் வந்தது. இரண்டும் 2,286 கன சென்ரிமீற்றர். பெற்றோல் வடிவில் அமுக்க விகிதம் 7க்கு 1. டீசலில் 23க்கு 1. பெற்றோல் எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 2,500 சுற்றில் சுமார் 168 நியூட்டன் மீற்றர். டீசலுடையது 1,800 சுற்றில் சுமார் 140. கம்பனியின் டீசல் சிக்கனமானதாயினும் பலத்தில் பின்தங்கியதே. இலங்கைச் சாரதிகள் இசுசு, நிசான், டொயோட்டா எஞ்சின்களைத் தேடிப் போனதன் காரணம் இதில் இருக்கிறது.

பஞ்சிகாவத்தையிலிருந்து பூண்டுலோயா வரை

மாற்று எஞ்சின் பெரும்பாலும் கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகச் சந்தையிலிருந்து வருகிறது. ஜப்பானில் ஓடி முடித்த லொறிகளிலிருந்தும் வான்களிலிருந்தும் கழற்றப்பட்ட எஞ்சின்கள் அவை: இசுசு எல்ஃப் லொறியின் சி240, நிசான் கெரவன் வானின் டிடி27, டொயோட்டா ஹயேஸின் 2எல், 3எல். இலக்கத்தைச் சொன்னால் போதும், எந்தக் கியர் பெட்டிக்கு எது பொருந்தும், எந்தச் சம்பு எங்கே இடிக்கும் என்று எந்தப் புத்தகத்தையும் புரட்டாமல் சொல்லக்கூடிய பாஸ்மார் மலையகத்தில் பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய ஞானம் எந்தச் சர்வகலாசாலையின் பட்டமும் பெறாதது. ஆயினும் அதை ஞானம் என்றே சொல்ல வேண்டும்.

அந்நிய எஞ்சினை வண்டியின் சொந்தக் கியர் பெட்டியோடு பிணைப்பதற்கு, கடைசல் பட்டறையில் வெட்டிச் சீராக்கிய கனத்த இரும்புத் தகடு ஒன்று நடுவே வேண்டும். அதை அடாப்டர் பிளேட் என்பார்கள். எஞ்சினின் சுழல் தண்டும் கியர் பெட்டியின் உட்தண்டும் ஒரே நேர்கோட்டில் அமைந்தாலன்றி இந்தத் தாம்பத்தியம் நிலைக்காது. மயிரிழை பிசகினாலும் முதல் மாதத்தில் கிளட்ச் அலறும், அடுத்த மாதத்தில் போல்ரேஸ் தேயும், வருஷம் முடிவதற்குள் கியர் பெட்டி திறக்கப்படும். எஞ்சின் தாங்கிகளை சேசிஸில் ஒட்டுவதும் அப்படியே. ஐம்பது அறுபது வருஷத் துருவுக்குள் ஒட்டு வைத்தால் அது டீசலின் அதிர்வை எத்தனை நாள் தாங்கும்?

பிறகு தொடங்கும் சில்லறை வேலைகளுக்கு முடிவே இல்லை. பெற்றோல் தாங்கியை வெறுமையாக்கிக் கழுவ வேண்டும். ஏனெனில், டீசல் பம்பின் உள்ளுறுப்புகளுக்கு டீசலே மசகு, பெற்றோல் கலந்தால் அந்த மசகு கெட்டுப் பம்ப் அரித்துப்போகும். பம்புக்கும் நொசலுக்கும் போய் மிஞ்சிய எண்ணெய் திரும்பி வர இரண்டாவது குழாய் போட வேண்டும். தண்ணீரைப் பிரித்தெடுக்கும் வடி வேண்டும். பனிக்காலத்துக்கு ஹீட்டர் பிளக்கும் அதற்கேற்ற பற்றரியும் வேண்டும். லொறியிலிருந்து வந்த சில எஞ்சின்களின் ஸ்டார்ட்டர் 24 வோல்ட் ஆகையால், 12 வோல்ட் வண்டியில் அதையும் மாற்ற வேண்டும். சாவியைத் திருப்பி மின்சாரத்தை நிறுத்தினால் பெற்றோல் எஞ்சின் நின்றுவிடும். டீசல் எஞ்சினை நிறுத்த எண்ணெயையே நிறுத்த வேண்டும். அதற்குரிய வால்வையோ இழுகம்பியையோ ஒழுங்காகப் பொருத்தாத வண்டிகளைக் கியரில் போட்டு மூச்சடைக்க வைத்து நிறுத்துவதைக் கண்ணாரக் காணலாம். காணும்போது மனம் பதைக்கிறது.

பலம் கூடியதை வண்டியின் பழைய உறுப்புகளும் உணரும். ஆரம்ப கால லாண்ட்ரோவர்களின் பின் ஹாஃப் ஷாஃப்ட் மெலிந்தது என்று உலகெங்கும் பெயர் பெற்றது. பெற்றோல் எஞ்சினுக்கென்று விதிக்கப்பட்ட அந்தத் தண்டு, டீசலின் முறுக்கத்தை முதற்கியரில், மேட்டில், முழுப் பாரத்தோடு ஏற்கும்போது முறிவது அதிசயமன்று. அது முறியும் இடம் எப்போதும் ஏற்றமாக இருப்பதுதான் ஆபத்து.

ஏறுவது சுலபம், இறங்குவது?

எஞ்சின் மாற்றத்தைப் பற்றிக் கடைத்தெருவில் நடக்கும் சம்பாஷணையெல்லாம் ஏற்றத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. எந்த எஞ்சின் எத்தனை மூட்டையோடு எந்த மலையை எந்தக் கியரில் ஏறியது என்று பெருமையோடு பேசுகிறார்கள். பூண்டுலோயாவில் பிறந்த எவரும் அறிந்திருக்க வேண்டிய உண்மையோ வேறு: ஏற முடியாத வண்டி நின்றுவிடும், இறங்கும்போது நிற்க முடியாத வண்டி மனிதரைக் கொன்றுவிடும்.

பெற்றோல் எஞ்சினில், சாரதி அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காற்று வழி அடைபடுகிறது. உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. அந்த வெற்றிடம் இரண்டு உபகாரம் செய்கிறது. எஞ்சினே வண்டியைப் பின்னிழுத்துப் பிடிப்பது ஒன்று. பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் அதற்கு வேண்டிய உறிஞ்சு சக்தியைத் தருவது மற்றது. இத்தகைய பழைய டீசல் எஞ்சினுக்குக் காற்று வழியில் அடைப்பே இல்லை. அமுக்கிய காற்று அமுக்க உபயோகித்த சக்தியின் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடுகிறது. அமுக்கம் கூடிய எஞ்சின் ஆகையால் இறக்கத்தில் நன்றாகப் பிடிக்கும் என்ற பரவலான நம்பிக்கை பாதி உண்மைதான். தாழ்ந்த கியரில் இறங்கினால் மாத்திரமே அந்தப் பாதியும் உண்மை. பெரிய லொறிகளுக்கென்று தனியாக எக்ஸோஸ்ட் பிரேக் செய்து பொருத்தப்படுவது இந்தக் குறையை நிவர்த்திக்கவே.

பூஸ்டரின் கதை இன்னும் கவலைக்குரியது. பழைய குட்டை லாண்ட்ரோவர்களில் பூஸ்டரே கிடையாது. காலின் பலமே பிரேக்கின் பலம். பிற்கால மாதிரிகளிலும், பிரேக் மாற்றியமைத்த ஜீப்புகளிலும் பூஸ்டர் உண்டு. டீசல் எஞ்சினில் வெற்றிடம் தானாகப் பிறவாது என்பதை அறிந்த ஜப்பானியர், ஓல்டர்னேட்டரின் பின்புறத்திலேயே சிறிய வக்கும் பம்ப் ஒன்றைச் சேர்த்துச் செய்தனர். சந்தையில் வாங்கும்போது அந்த ஓல்டர்னேட்டர் எஞ்சினோடு வராவிட்டால், மலிவான வேறொன்றைப் போட்டு ஓட்டிவிடும் ஆசை எழுகிறது. பற்றரி சார்ஜ் ஆகும், விளக்கு எரியும், எல்லாம் சரிபோலத் தோன்றும். பூஸ்டரோ வெறும் தகரப் பாத்திரமாகி நிற்கும். சமதரையில் அதைச் சாரதி உணரமாட்டார். டன்சினனிலிருந்து, சீன் தோட்டத்திலிருந்து, ஹெரோவிலிருந்து பாரத்தோடு இறங்கும் மழை நாளில்தான் பெடல் கல்லாக இறுகும்.

இதற்கு மேல் எடைப் பிரச்சினை. இருபது மடங்குக்கு மேல் அமுக்கத்தைத் தாங்க வேண்டிய டீசல் எஞ்சினின் இரும்பு தடித்தது. அந்தப் பாரமெல்லாம் முன் அச்சில் விழுகிறது. முன் ஸ்பிரிங்கை மாற்றாவிட்டால் வண்டி மூக்கைத் தாழ்த்தி நிற்கும், பிரேக் பிடிக்கும்போது மேலும் தாழும், ஸ்டியரிங் கனக்கும். டிரம் பிரேக்குகளோ முன்பிருந்தவையே. நீண்ட இறக்கத்தில் அவை சூடேறிப் பிடி தளரும், நனைந்தாலும் தளரும்.

கொத்மலைப் பகுதியின் சாலைகள் எவ்வளவு ஈவிரக்கமற்றவை என்பதை 2025 மே 11ஆம் திகதி கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரம் நாட்டுக்கே உணர்த்தியது. அதற்கும் எஞ்சின் மாற்றத்துக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட சாலையில்தான், நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணை லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிவருவதும் இந்த மாற்றிய வண்டிகளால் நடக்கின்றன. மரக்கறி மூட்டைக்குப் போதும் என்று விட்ட பிரேக்கில் மனித உயிர்கள் பிரயாணம் செய்கின்றன.

கணக்கு மாறிய கதை

நெடுங்காலம் இலங்கையில் டீசல், பெற்றோலைவிட வெகு மலிவாக இருந்தது. பஸ்ஸும் லொறியும் ரயிலும் டீசலில் ஓடுகின்றமையால் அதன் விலையை அரசாங்கங்கள் தாழ்த்தியே வைத்தன. ஒரு கலன் பெற்றோலுக்குப் பதினைந்து பதினெட்டு மைல் ஓடிய லாண்ட்ரோவர், டீசலில் அதைவிட அதிகம் ஓடி, அந்த டீசலும் மூன்றில் ஒரு பங்கு மலிவாகக் கிடைத்தபோது, எஞ்சினுக்கும் பாஸின் கூலிக்கும் போட்ட பணம் சில வருஷங்களில் திரும்பிவிடும் என்ற கணக்கு பிழையற்றதாகவே இருந்தது.

■ பெட்டிச் செய்தி: ஒரு வருஷத்தில் நடந்த தலைகீழ் மாற்றம்
(ஒரு லீற்றர், ரூபாய், 92 ஒக்டேன் பெற்றோல், சாதாரண டீசல்)
2021 டிசம்பர்: பெற்றோல் 177, டீசல் 121
2022 மார்ச் நடுப்பகுதி: பெற்றோல் 254, டீசல் 176
2022 மே 24: பெற்றோல் 420, டீசல் 400
2022 நவம்பர் நடுப்பகுதி: பெற்றோல் 370, டீசல் 430

பெட்டியின் கடைசி வரியை இரண்டு முறை வாசிக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் மானியம் கரைந்தபோது, டீசலின் மலிவு என்ற அத்திவாரமும் கரைந்தது. அவ்வாண்டு நவம்பர் நடுப்பகுதியில் டீசல், பெற்றோலைவிட 60 ரூபாய் கூடியதாக நின்றது. அதன் பின் விலைகள் இறங்கின, இரண்டும் நெருங்கின. பழைய இடைவெளி மட்டும் உறுதியாகத் திரும்பவில்லை. லீற்றருக்கு லீற்றர் டீசலில் பத்துச் சதவீதத்துக்கு மேல் அதிகச் சக்தி உண்டு, டீசல் எஞ்சின் அந்தச் சக்தியைச் சிக்கனமாகவும் செலவழிக்கிறது என்பவை நிலையான நன்மைகள். நித்தம் ஓடும் கூலி வண்டிக்கு அந்த நன்மை போதும். ஞாயிற்றுக்கிழமை தோறும் வெளியே எடுக்கும் வண்டிக்கு, வெறும் எண்ணெய்ச் செலவை எண்ணி எஞ்சின் மாற்றுவது இன்றைக்கு நஷ்டக் கணக்கு என்பதே எனது அபிப்பிராயம்.

தேயிலை விளையும் பிற மலைகளிலும் இதே சரித்திரம் நடந்தது. டார்ஜிலிங்கை அடுத்த மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீற்றர் உயரத்துச் சண்டக்பூவுக்கு ஏறும் 1950களின் லாண்ட்ரோவர்கள், ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் கொண்டுவந்தவை. அவற்றில் பலவும் இப்போது மஹிந்திரா டீசல் எஞ்சினோடு ஓடுகின்றன. தமிழ்நாட்டில் போடியிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளின் நிலை வேறு. வில்லிஸ் வார்ப்பில் பிறந்த ஜீப்புக்கு மஹிந்திராக் கம்பனியே தொழிற்சாலையில் டீசல் எஞ்சின் பொருத்தி விற்றமையால், பிரேக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்தே திட்டமிடப்பட்டன. நம் நாட்டில் அந்தப் பொறுப்பு முழுவதும் ஒரு தனி மனிதரின், ஒரு கொட்டகையின் தலையில் விழுந்திருக்கிறது.

லயத்து வாசலில் புகை

2012 ஜூனில் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதியானவற்றின் வரிசையில் சேர்த்தது. தோட்டப் பாதைகள் பல இடங்களில் லயத்து வாசலையும் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தையும் உரசிக்கொண்டே போகின்றன. நொசல் தேய்ந்த, பம்பைக் கூட்டி வைத்த எஞ்சின் ஏற்றத்தில் கக்கும் கருமை அந்த அறைகளுக்குள்ளேதான் போய்ப் படிகிறது. இலங்கையில் 2008 முதல் வாகனப் புகைப் பரிசோதனை நடைமுறையில் உள்ளது. டீசலுக்கும் பெற்றோலுக்கும் அப்பரிசோதனை வெவ்வேறு. டீசலில் புகையின் கருமையையும், பெற்றோலில் காபனோரொட்சைட்டு முதலிய வாயுக்களையும் அளக்கிறார்கள். நொசல்களைக் காலாகாலத்தில் பரிசோதித்து, பம்பை அளவோடு வைத்தால் பழைய எஞ்சினும் கௌரவமாகவே மூச்சு விடும். பலம் போதாதென்று பம்பைக் கூட்டச் சொல்லும் சொந்தக்காரர், தம் பிள்ளைகள் விளையாடும் முற்றத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஏட்டில் இல்லாத எஞ்சின்

பதிவுச் சான்றிதழில் சேசிஸ் இலக்கம், எஞ்சின் இலக்கம், எரிபொருள் வகை ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருக்கின்றன. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் இயங்கும் திணைக்களத்தின் அனுமதியோடும் பரிசோதனையோடும் இந்த விபரங்களைத் திருத்திக்கொள்ள வழி உண்டு. பிரித்தானியாவிலும் பழைய லாண்ட்ரோவர்களுக்கு டிஸ்கவரியின் 200 டிடிஐ எஞ்சினை மாற்றிப் போடுவோர் ஏராளம். அங்கேயும் எஞ்சின் இலக்கமும் எரிபொருளும் மாறினால் பதிவகத்துக்கு அறிவித்தாக வேண்டும். இங்கே பலர் அறிவிப்பதில்லை. கொழும்புப் பிரயாணம், ஒரு நாள் உழைப்பின் இழப்பு, தரகர் பயம், எஞ்சின் வாங்கிய ரசீது தொலைந்தது என்று காரணங்கள் பலவாக அடுக்கப்படுகின்றன. அவற்றில் அனேகம் நியாயமானவையே.

ஆனால் ஏடும் எஞ்சினும் முரண்பட்ட வண்டியை விற்க முடியாது. விற்றாலும் பாதி விலை. எஞ்சின் திருட்டுப் பொருளாயிருந்தால் பொலிஸ் விசாரணை இப்போதைய சொந்தக்காரரின் வாசலுக்கே வரும். விபத்து நேர்ந்தால், அறிவிக்கப்படாத மாற்றத்தைச் சுட்டிக்காட்டிக் காப்புறுதி நிறுவனம் நட்டஈட்டை மறுக்க இடமுண்டு. அப்போது ஓட்டியவர் மட்டுமன்றி, பின்னால் ஏறியிருந்தவரின் குடும்பமும் தெருவில் நிற்கும். 2022இல் கியூ.ஆர். முறையில் எரிபொருள் பங்கிட்டபோது, வாகன இலக்கமும் சேசிஸ் இலக்கமும் திணைக்களத்தின் ஏட்டோடு ஒத்துப்போக வேண்டியிருந்தது. பதிவேடு பிசகினால் அடுப்பும் எரியாது, வயிறும் நிறையாது என்பதை அந்த மாதங்கள் எல்லோருக்கும் கற்பித்தன.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வருஷத்துக்கு ஒரு முறையேனும் தலவாக்கலையிலோ பூண்டுலோயாவிலோ நடமாடும் பரிசோதனை நடத்தி, பிரேக்கையும் எஞ்சின் தாங்கிகளையும் வக்கும் பம்பையும் பரிசோதித்து, தகுதியுள்ள வண்டிகளின் ஏட்டை அங்கேயே திருத்திக் கொடுக்க வேண்டும். தகுதியற்றவற்றுக்குத் தவணை கொடுக்க வேண்டும். தோட்டக் கம்பனிகள், பிரயாணிகளையும் பிள்ளைகளையும் ஏற்றும் மாற்றிய வண்டிகளைத் தங்கள் பாதையில் விடுமுன் அந்தச் சான்றைக் கேட்கலாம். வண்டி வைத்திருக்கும் வாசகர்கள் திணைக்களம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு பிரேக் பெடலைப் பலமுறை அழுத்திப் பூஸ்டரை வெறுமையாக்குங்கள்; பெடலைக் காலால் அழுத்தியபடியே எஞ்சினை இயக்குங்கள். பெடல் சற்றே கீழிறங்கினால் பூஸ்டருக்கு வெற்றிடம் கிடைக்கிறது. அசையாமல் நின்றால், பாஸ் பார்க்கும் வரை அந்த வண்டியில் ஒருவரையும் ஏற்றாதீர்கள்.